கொக்குக் கதவு

கதவுக்கு எண்ணெய் விடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் விடுகிறார்கள். சத்தம் கீழே கேட்கும், குறை மேலே இருக்கும். முப்பது வருடமாக நான் இதைச் சொல்லி வருகிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. உங்கள் பொலிஸ் நிலையத்து வாசல் கதவும் அப்படித்தான், அதிகாரி அம்மா. நேற்று என்னை உள்ளே கூட்டிவந்தபோது கவனித்தேன். மேல் பிணைச்சலில் இரண்டு துளி விட்டால் போதும்.

தமிழில் எழுதலாம் என்று சொன்னதற்கு நன்றி. என் ஜெர்மன் மொழி பட்டறை வேலைக்குக் காணும், இதற்குக் காணாது. கலாதேவி அக்கா மொழிபெயர்ப்பார் என்றீர்கள். நல்ல மனிசி. ஆனால் எங்கள் சனத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் சிலதை மழுப்பிவிடக் கூடியவர். அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் லிசாவின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஹம் நகரில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறை அவருடையது. பழைய உலோகக் கதவுகள், படிக் கம்பிகள், விளக்குகள் எல்லாவற்றையும் திருத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அவரிடம் இருக்கிறேன். விஜயரத்தினம் வீட்டில் கதவைப் பொருத்திய பிறகு பரிசோதித்து ஒப்பமிட்டவர் லிசா. ஆகவே கவனக்குறைவால் ஒரு உயிர் போனது என்று அவர் மேல் வழக்கு வைக்கப் பார்க்கிறீர்கள். லிசா கவனக்குறைவானவர் அல்ல. அவர் பார்த்த கதவு சரியான கதவு. குற்றம் செய்யாத ஒரு பெண் தண்டனை பெறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் அல்ல.

கதவைப் பற்றிச் சொல்லாமல் விஷயத்துக்கு வர முடியாது. அது பாரிசில் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில் செய்த இரட்டைக் கதவு. ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் நின்றது. போர் முடிந்து ஆறு வருடம். பாண் வாங்கக் கூப்பனோடு நின்ற சனம் அப்போதுதான் மூச்சு விட்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த ஊர்ப் பணக்காரருக்கு இரும்பில் கதவு வேண்டியிருந்தது. கோட்டைக்குப் போடுகிற மாதிரி அல்ல, கழுத்துக்குப் போடுகிற மாதிரி. இரும்புச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் கையால் தட்டியெடுத்த பித்தளைத் தகடு, தகட்டில் நாணல், நாணலுக்குள் ஏழு கொக்குகள். கொக்குகளின் கழுத்துக்கு மட்டும் தங்கத் தாள். மற்ற இடமெல்லாம் கரும்பச்சை ஏற்றியிருந்தார்கள். சுவரில் படம் மாட்டத் தேவையில்லை, கதவே படம் என்பது அந்தக் காலத்து பிரெஞ்சு அலங்காரக்காரரின் எண்ணம். நேர் வெளிச்சத்தில் அது வெறும் தகடு. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் கொக்குகள் தண்ணீருக்குள் இறங்கும்.

கதவோடு வந்த கடதாசிகளில் அலங்காரக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஒருவர் கண்ணிலும் படாத உள்பக்கத்தில், ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. தகட்டைத் தட்டியவனின் பெயரெழுத்துகள். பாரிசிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்கு மனம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எங்கள் ஆட்கள் பரம்பரையாக இரும்படிக்கிறவர்கள். உங்களுக்கு இது ஒரு தொழில், அவ்வளவுதான். எங்கள் சனத்துக்கு அது தொழிலோடு நிற்பதில்லை. கலாதேவி அக்காவிடம் கேளுங்கள். விளங்கப்படுத்துவார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு விளங்கப்படுத்துவார்.

விஜயரத்தினம் டோர்ட்மண்டில் பெரிய ஆள். மரக்கறியும் மீனும் இறக்குமதி செய்கிறவர். கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயம். அவருடைய மகன் கிருஷாந்தும் என் மகள் தேனுஜாவும் படிக்கிற காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். அதில் நான் குறை காணவில்லை. நல்ல பெடியன். முறைப்படி கதைப்போம் என்று இரண்டாயிரத்து இருபது கார்த்திகையில் நானும் மனைவி ஜெயமலரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வடை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். அதற்குப் பிறகு விசாரித்தார்கள்.

விசாரிப்பது என்பது எங்கள் வழக்கம். பெண் என்ன படித்தாள், எங்கே வேலை செய்கிறாள் என்று விசாரிப்பதில்லை, அது முகநூலிலேயே இருக்கிறது. லண்டனுக்கு ஒரு அழைப்பு, கனடாவுக்கு ஒன்று, ஊரில் மிஞ்சியிருக்கிற யாராவது ஒரு கிழவருக்கு ஒன்று. தகப்பன் ஆர், தகப்பனுக்குத் தகப்பன் ஆர், எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, கோயிலில் எந்த இடத்தில் நின்று கும்பிட்ட ஆட்கள். என் அகதி மனுவை இந்த நாட்டு அலுவலகங்கள் ஏழு வருடம் விசாரித்தன. விஜயரத்தினம் இரண்டே நாளில் முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது. பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கெல்லே. நாளைக்கு எங்கட கவிசாவை ஆர் கேட்டு வருவினம்? உங்களுக்கு விளங்கும்தானே."

எனக்கு விளங்கியது. குறை நினைக்கவில்லை என்றும் சொன்னேன். எவ்வளவு மரியாதையாகக் கதைக்கிறார் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அன்றிரவு சாப்பாட்டுக் கோப்பையை நான் சுவரில் எறிந்ததாக ஜெயமலர் சொல்கிறாள். இருக்கலாம்.

அடுத்த மாசி மாதம் தேனுஜா இறந்தாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம், குளிர்காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும். இரண்டாயிரத்து இருபத்தொன்று பெப்ரவரியில் அடித்த குளிர் உங்களுக்கு நினைவிருக்கும், ரயில்கூட ஓடாமல் நின்றது. ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் வேளையில், அவள் தனியாக டோர்ட்மண்டுக்குப் போனாள். விஜயரத்தினத்தோடு நேரே நின்று கதைக்க வேண்டும் என்று போனாள். கிருஷாந்துக்குத் தெரியாது; அவனுக்கு அன்று மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. மூன்று மணி நாலு நிமிடத்துக்கு அவள் அந்த வீட்டு மணியை அடித்தாள். கதவு திறக்கவில்லை. படியில் பனி கிடந்தது. பதினாறு நிமிடம் கழித்து, நாயோடு போன ஒரு பெண் அவள் படியில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து அம்புலன்சுக்கு அடித்தாள். கைப்பைக்குள் இருந்த, மூச்சுக்கு அடிக்கிற பம்பு முடிந்துபோயிருந்தது. வயது இருபத்தாறு.

விஜயரத்தினம் பொலிசுக்குச் சொன்னது: மேல் மாடியில் படுத்திருந்தேன், மணி கேட்கவில்லை, கொரோனா நேரம், ஆரும் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நியாயமான பதில். விசாரணைக் கோப்பை மூடிவிட்டார்கள்.

ஆனி மாதம் கிருஷாந்த் பட்டறைக்கு வந்தான். அவர்கள் வீட்டு வாசல் மணியில் கமரா இருக்கிறது. தகப்பன் அழித்துவிடுவதற்கு முன்னால் அவன் அந்தப் பதிவைத் தன் கைபேசிக்கு எடுத்து வைத்திருந்தான். நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் திரிந்திருக்கிறான். என் முன்னால் நின்று அதைப் போட்டுக் காட்டினான். கதவுக்குப் பக்கத்தில் பால்நிறக் கண்ணாடி ஒன்று, அதற்குள்ளே மஞ்சள் வெளிச்சம். தேனுஜா இரண்டாம் தடவை மணியை அடிக்கிறாள். உள்ளே வெளிச்சம் அணைகிறது. யாரோ கையால் விளக்கு ஆளியை அழுத்தி அணைத்திருக்கிறார்கள்.

"மாமா, அப்பா கீழதான் நிண்டிருக்கிறார். பொலிசிட்டைக் குடுப்பமெண்டால் குடுப்பம். நான் வந்து சாட்சி சொல்லுறன்."

சொந்தத் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த பிள்ளை. நான் வேண்டாம் என்றேன். நீதிமன்றம் என்ன கொடுக்கும்? ஒரு தண்டப் பணம், இரண்டு வரி கண்டனம். இதை யாரிடமும் காட்டாதே தம்பி, என் பிள்ளை கிடந்த கோலத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவன் என் காலில் விழப் பார்த்தான். பிடித்து நிறுத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவளுடைய திதிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜெயமலர் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்பார்கள். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆளும் வேண்டும் அல்லவா. அவசரப்படாமல் இருந்தேன்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று புரட்டாதியில் அந்தக் கதவு பட்டறைக்கு வந்தது. விஜயரத்தினம் டோர்ட்மண்டின் தெற்குப் பக்கத்தில் பழைய மாளிகை வீடு ஒன்றை வாங்கியிருந்தார். அதன் சாமியறைக்குப் போட டூசல்டோர்பில் ஒரு வியாபாரியிடமிருந்து இந்தப் பிரெஞ்சுக் கதவை எடுத்திருந்தார். யாருக்கோ சாப்பாட்டு அறைக்குச் செய்த கொக்குகள் இங்கே பிள்ளையாருக்குக் காவல் நிற்கப் போயின. திருத்துவதற்கு அதை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரச் செய்தவன் கிருஷாந்த். மாமாவைத் தவிர வேறு ஆரும் தொடக் கூடாது என்று தகப்பனோடு சண்டை பிடித்தானாம். இரண்டு வீட்டையும் சேர்த்து வைக்கலாம் என்று ஒரு எண்ணம். சிறு பிள்ளைத்தனம்தான், ஆனால் கெட்ட எண்ணம் அல்ல.

விஜயரத்தினமும் ஒரு நாள் பார்க்க வந்தார். கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, ஐம்பதாம் ஆண்டுக் காலத்து பிரெஞ்சு உலோக வேலை என்றால் என்ன என்று அரை மணித்தியாலம் எனக்கு வகுப்பெடுத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவரை நான் இடைமறிக்கவில்லை. போகும்போது தோளில் கை வைத்தார்.

"நடந்ததை மறப்பம் அண்ணை. உங்கட கை பட்ட கதவு எங்கட சாமியறைக்கு வருகுது. உங்களுக்கும் அது புண்ணியம்தானே."

என் பிள்ளை நுழைய முடியாத வீட்டுக்குள் என் கைவேலை நுழையலாம். அவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னார். அன்று பின்னேரம்தான் முடிவு செய்தேன்.

வேலைக்கு ஏழு மாதம் எடுத்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எதையும் திருத்தியதில்லை. பழைய வார்னிசைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கொக்குகளின் கழுத்துக்குப் புதிதாகத் தங்கத் தாள் ஒட்டினேன். ஒரு கதவுக்கு நூற்று நாற்பது கிலோ. பக்கத்தில் பிணைச்சல் கிடையாது. கீழே தரையில் ஒரு முளையும் மேலே ஒரு ஆணியும்தான் அதைத் தாங்குகின்றன. அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரர் பிணைச்சல் வெளியே தெரிவதை விரும்பவில்லை. சரியாகச் செய்தால் ஒரு குழந்தை ஒற்றை விரலால் தள்ளலாம். வலது கதவின் மேல் ஆணியை நான் புதிதாகக் கடைந்தேன். கதவு தொண்ணூறு பாகை திறக்கும் வரைக்கும் அது பிடித்திருக்கும், அதற்கு மேல் போனால் கழன்றுகொள்ளும். எப்படிச் செய்தேன் என்பதை விவரமாக எழுதப் போவதில்லை. உங்கள் நிபுணர் கண்டுபிடிக்கட்டும், அவருக்கும் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

அறைக்குள் தரையில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருந்தோம். கதவை அது தொண்ணூறு பாகையில் தடுத்து நிறுத்தும். குமிழ் இருக்கும் வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. லிசா வந்து இருபது தடவை திறந்து மூடிப் பார்த்தார், மகிழ்ந்தார், ஒப்பமிட்டார். புது வீட்டுக் குடிபூரலுக்கு முதல் நாள் பின்னேரம், கடைசி மினுக்கல் என்று சொல்லி நான் தனியாகப் போனேன். குமிழைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். இதுதான் லிசாவுக்குத் தெரியாதது.

நீங்கள் கேட்கலாம், சாமியறைக் கதவை ஏன் ஒருவர் தொண்ணூறு பாகைக்கு மேல் தள்ள வேண்டும் என்று. அதற்கும் நான் ஒழுங்கு செய்திருந்தேன். முதல் முறை திறக்கும்போது கதவு சுவரில் முட்டும் வரைக்கும் திறக்க வேண்டும், அரைகுறையாகத் திறந்தால் சீதேவி வாசலிலேயே நின்றுவிடுவாள் என்று விஜயரத்தினத்தின் மனைவி புஸ்பவதியிடம் சொல்லி வைத்தேன். அப்படி ஒரு சம்பிரதாயம் எங்கேயும் கிடையாது, நானே உண்டாக்கியது. ஆனால் தலை நரைத்தவன் ஒருவன் சம்பிரதாயம் என்று சொன்னால் எங்கள் சனத்தில் யாரும் மறுத்துக் கேட்பதில்லை. தெரியாது என்று ஒத்துக்கொள்வது வெட்கம். புஸ்பவதி ஓம் ஓம் என்றார். ஐயரும் ஓம், அது விசேஷம் என்றார்.

போன வைகாசி, ஞாயிற்றுக்கிழமை. சுபநேரம் பத்து நாற்பதிலிருந்து பதினொன்று பத்து வரைக்கும். அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவிகளையெல்லாம் கழற்றி ஒரு வாளிக்குள் போட்டுக் குசினியில் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் எங்கள் பூசைகள் அதிலிருந்துதான் தொடங்கும். வீட்டுக்காரர் உள்ளே போவதற்கு முன் வேலை செய்தவனை மரியாதை பண்ணுவது எங்கள் பழைய வழக்கம். மேசனுக்கும் ஆசாரிக்கும் வேட்டி, சால்வை, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, அவர்கள் கையால் பூட்டின் திறப்பை வாங்கித்தான் உள்ளே போவார்கள். வீட்டைத் திருத்திய போலந்துக்காரருக்கோ மின்சார வேலை செய்த துருக்கிக்காரருக்கோ விஜயரத்தினம் வேட்டி கொடுக்கவில்லை. என்னை மட்டும் முன்னுக்கு வரச் சொன்னார்.

"எங்கட ஆசாரியாருக்கு முதல் மரியாதை," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அறுபது பேருக்கும் நான் ஆர் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். ஜெயமலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் குனியவில்லை. சின்னப் பிள்ளைகள் கதவுக்குக் கிட்ட ஓடித் திரிந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவர் ஓரமாக நிற்க வைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

திறப்பைக் கொடுத்தேன். விஜயரத்தினம் பூட்டைத் திறந்தார். வலது கதவின் வெண்கலக் கைப்பிடியில் கையை வைத்தார். அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு.

"அப்பா, ஒருக்காப் பொறுங்கோ," என்று கிருஷாந்த் முன்னுக்கு வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. தகப்பனிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்தான். "மாமா, நான் திறக்கட்டோ?" பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான், "தேனுவுக்காக."

இந்த இடத்தை நான் கவனமாக எழுத வேண்டும். சுபநேரம் முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. குமிழ் என் சட்டைப் பைக்குள் இருந்தது, விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு திருகாணி மறந்துவிட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி உள்ளே போய்க் குமிழைப் பூட்டிவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். அறுபது பேரும் சிரித்திருப்பார்கள், பாயாசம் குடித்திருப்பார்கள். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஆத்திரத்தில் அறிவிழந்து செய்தது என்று என் வழக்கறிஞர் சொல்லுவார், அதை நம்ப வேண்டாம்.

நான் யோசித்தது இதுதான். விஜயரத்தினம் அந்தக் கதவுக்குக் கீழே கிடந்தால் அவருக்கு எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் காலையில் எழும்பிப் பல் தீட்டுவது எப்படி என்று அவரும் பழக வேண்டும். ஏழு மாதம் வேலை செய்தும் எனக்கு வராத யோசனை, அந்தப் பெடியன் வந்து நின்றபோது வந்தது.

"ஓம் தம்பி, திற," என்றேன். "வடிவாய்த் திற. சுவரில முட்டுமட்டும் தள்ளு."

அவன் வலது காலை எடுத்து வைத்தான். கதவு சத்தமில்லாமல் போனது. அவ்வளவு பாரமான கதவு அவ்வளவு இலேசாகப் போவதைப் பார்த்து, பின்னால் யாரோ "அங்க பார்" என்று வியந்தார்கள். பூசைக்கு வந்த தாளக்காரர் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

தூக்குவதற்கு எட்டுப் பேர் தேவைப்பட்டது. எந்த இடத்தில் பிடித்தால் எழும்பும் என்று எனக்குத்தான் தெரியும். நான் சொல்லித்தான் தூக்கினார்கள், நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அம்புலன்ஸ் பதினான்கு நிமிடத்தில் வந்தது, ஆனால் அதற்கு வேலை இருக்கவில்லை. விஜயரத்தினம் தரையில் இருந்து, கதவைத் திறவுங்கோ, கதவைத் திறவுங்கோ என்று கத்திக்கொண்டிருந்தார். கதவு தூக்கி ஓரமாக வைக்கப்பட்ட பிறகும் அதையே கத்தினார். நான் நின்று கேட்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அன்றுதான் நன்றாக நித்திரை கொண்டேன். இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கொக்குகளில் ஒன்றுதான் நசுங்கியிருக்கிறது. உங்கள் சான்றுப் பொருள் அறையில் ஈரம் படாமல் வைத்திருந்தால் மற்ற ஆறையும் காப்பாற்றலாம்.

செத்தவீட்டுக்கு ஜெயமலர் போனாள். திரும்பி வந்து, "அவன் எங்கட பிள்ளையெல்லே," என்று மட்டும் சொன்னாள். நான் செய்தது இன்னும் அவளுக்குத் தெரியாது. இதை நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டும்போது, எல்லாம் எங்கள் மகளுக்காகச் செய்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆக, நான், இராசலிங்கம், அறுபத்தொரு வயது, கிருஷாந்தைக் கொன்றேன். தகப்பனுக்கென்று செய்த கதவை, தெரிந்துகொண்டே மகனைத் திறக்க விட்டேன். எனக்கு யாரும் துணை நிற்கவில்லை, யாரும் தூண்டவும் இல்லை. இதில் ஒப்பமிட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான் மிச்சம்.

கிருஷாந்தின் கைபேசியில் அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறீர்கள். படியில் இருந்த தேனுஜா யாருக்கோ தொலைபேசியில் அடிக்கிறாளே, யாருக்கு என்று கேட்டீர்கள். மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டேன், வழக்குக்கு அது தேவையில்லை என்று நினைத்தேன். கிருஷாந்த் அந்தப் பதிவை நூறு தடவை பார்த்திருப்பான். மூன்று வருடம் எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டான். அவள் யாருக்கு அடித்தாள் என்று என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பான், பிறகு சோற்றைப் பார்ப்பான்.

மூன்று தடவை அடித்தாள். மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு, மூன்று ஒன்பதுக்கு, மூன்று பதினான்குக்கு. அவசர எண்ணான நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்திருந்தால் உடனே வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அந்த எண் ஞாபகம் வராது போலிருக்கிறது. நான் பட்டறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூசி எழும்பாது, தங்கத் தாள் ஒட்ட அதுதான் நல்ல நாள். அதற்கு முதல் நாள் அவளுக்கும் எனக்கும் வாய்த்தர்க்கம் வந்திருந்தது. "அந்த ஆளின்ர வாசலில போய்க் கெஞ்சினியெண்டால், பிறகு என்னை அப்பா எண்டு கூப்பிடாதை," என்று சொல்லியிருந்தேன். கைபேசியில் அவள் பெயர் வந்ததும் எங்கே நின்று அடிக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் தடவை அது நெடுநேரம் அடித்தது. கொஞ்ச நேரம் நிற்கட்டும், நின்று படிக்கட்டும் என்று நினைத்தேன். சொந்தப் பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்கிற தகப்பன் அல்ல நான். என்னை அப்படி நினைக்க வைத்தது விஜயரத்தினம், அதையும் அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.